எழுபதாவது நிமிடமும் பஞ்சுப் பனியும்: டிவி கிறிஸ்துமஸ் காதல் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகரத்தில் வேலை பார்க்கும் பெண் டிசம்பரில் சொந்த ஊருக்கு வருகிறாள். அங்கே ஒருவனைச் சந்திக்கிறாள். கிறிஸ்துமஸுக்குள் இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள். ஹால்மார்க் சேனல் 2009இல் ‘கவுண்ட்டவுன் டு கிறிஸ்துமஸ்’ வரிசையைத் தொடங்கியதிலிருந்து, அமெரிக்கத் தொலைக்காட்சியில் இந்தக் கதை ஆண்டுதோறும் டஜன் கணக்கில் வருகிறது. முடிவு தெரிந்துதான் மக்கள் பார்க்க உட்காருகிறார்கள். ஊகித்துவிடுவார்களே என்று பயந்து கடைசியில் திருப்பம் வைப்பது முதல் தவறு.

பெரிய தவறு எழுபதாவது நிமிடத்தில் நடக்கிறது. இரண்டு மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போகப் படத்துக்குக் கிடைப்பது சுமார் 85 நிமிடம். எழுபதை ஒட்டிக் காதலர்கள் பிரிந்தாக வேண்டும். அவசரமாக எழுதுகிறவர்கள் பாதி கேட்ட போன் பேச்சை எடுத்துக்கொள்கிறார்கள். “சரி, விடுதியை விற்றுவிடலாம்” என்று அவள் சொல்வது மட்டும் அவன் காதில் விழுகிறது, கோபித்துக்கொண்டு போய்விடுகிறான். “நீ கேட்டது பாதிதான்” என்று ஒரு வரி சொன்னால் தீர்ந்துபோகும் சிக்கல் இது. அந்த ஒரு வரியைச் சொல்லவிடாமல் கதையை இழுக்க இழுக்க, இருவர் மேலும் இருந்த பிரியம் நமக்குக் குறைகிறது.

இதைச் சரிசெய்ய முதல் 15 நிமிடத்துக்குப் போக வேண்டும். இருவருடைய தேவைகளும் மோதுவது அங்கேயே தெரிய வேண்டும். அவன் அப்பாவின் விடுதி கடனில் இருக்கிறது. அதை மதிப்பிடத்தான் நிறுவனம் அவளை அனுப்பியிருக்கிறது. இதை அவளே நாற்பதாவது நிமிடத்தில் அவனிடம் சொல்லிவிடட்டும். டிசம்பர் 24க்குள் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்ற கேள்வி அவர்களைப் பிரிக்கட்டும். இருவர் பக்கமும் நியாயம் இருக்கும்போது அந்தப் பிரிவு வலிக்கும். அவளுடைய நகரத்துப் பழைய காதலனைப் போனில் கத்துபவனாகக் காட்டும் அவசியமும் இராது.

கதையைப் பெரும்பாலும் ஒன்பது பகுதிகளாக எழுதுகிறார்கள். நடுவில் எட்டு விளம்பர இடைவேளை. இருவரும் சிரித்தபடி நிற்கும் இடத்தில் வெட்டினால் பார்ப்பவர் சேனலை மாற்றிவிடுவார். அடுத்து என்ன ஆகும் என்று மனம் அரிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். முத்தம் தவறிப்போவது ஒருமுறை போதும். போன் மணியோ ஓடிவரும் குழந்தையோ அதைக் கெடுக்க வேண்டாம். இருவரில் ஒருவர் தயங்கி விலகினால் கதை நகரும்.

இனி பனி. இந்தப் படங்களில் பல கனடாவில், கோடையில், இரண்டு மூன்று வாரங்களுக்குள் எடுக்கப்படுகின்றன. தரைக்கு வெள்ளைப் பஞ்சு விரிப்பு, விழும் பனிக்கு நுரை இயந்திரம், ஜன்னல் விளிம்புக்குக் காகிதத் துகள். விரிப்பு முடிகிற இடத்தில்தான் குட்டு வெளிப்படும்: பச்சைப் புல் எட்டிப் பார்க்கும், பின்னால் மேப்பிள் மரம் முழு இலையோடு நிற்கும். ஓரங்களில் துகளைத் தூவி மறையுங்கள். பின்னணியில் ஊசியிலை மரங்கள் மட்டும் விழுமாறு கேமராவை வையுங்கள். விரிப்பின் மேல் யாரையும் நடக்கவிடாதீர்கள், கால்தடம் பதியாமல் துணி சுருங்குவது தெரிந்துவிடும். நடக்கும் பாதைக்கு நொறுக்கிய ஐஸ் வேண்டும்.

இத்தனை செய்தாலும் குளிரை நம்பவைப்பது நடிகர்களின் உடம்புதான். கோட்டைத் திறந்துவிட்டு, கையுறை இல்லாமல், வாசலில் நின்று சாவகாசமாகப் பத்து வரி பேசினால் எல்லாம் வீண். தோள் ஒடுங்க வேண்டும், கைகள் கோட்டுப் பையைத் தேட வேண்டும், உள்ளே வந்ததும் கதவைச் சாத்த வேண்டும். காபிக் கோப்பையில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றிக் கொடுங்கள். வெற்றுக் கோப்பையை எந்த நடிகர் தூக்கினாலும் கனமில்லாதது தெரிகிறது.

இரவுக் காட்சிகளை எழுதும்போதே எண்ணிக்கொள்ளுங்கள். இந்தப் படங்கள் பல எடுக்கப்படும் கனடாவின் வான்கூவரில் டிசம்பரில் மாலை நாலரைக்குள் சூரியன் மறைந்துவிடும். படம் எடுக்கும் ஜூலையில் அதற்கு இரவு 9 மணி தாண்டும், விடியலும் சீக்கிரம் வரும். வெளிப்புற இரவுக் காட்சிகளை இரண்டு ராத்திரிக்குள் அடக்கிவிட்டு, மற்றதை வீட்டுக்குள் ஜன்னலுக்கு வெளியே கறுப்புத் துணி கட்டிப் பகலிலேயே எடுக்கலாம். கிறிஸ்துமஸ் மர விளக்குகள் திரையில் துடித்தால், நொடிக்கு 24 பிரேம் எடுக்கும்போது கேமராவின் ஷட்டர் கோணத்தை (ஒவ்வொரு பிரேமிலும் எவ்வளவு நேரம் ஒளி விழுகிறது என்பதன் அளவு) 180 டிகிரியிலிருந்து 144க்குக் கொண்டுவாருங்கள். வட அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தோடு அது ஒத்துப்போகும்.