பழைய எம்பிவி வாங்கப் போகிறீர்களா? பானெட்டைத் தொட்டுப் பாருங்கள்

2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய எம்பிவி (ஏழு சீட்டர் குடும்ப வண்டி) என்றால், முதலில் பானெட்டில் கை வையுங்கள். சுட்டால், நீங்கள் வருமுன்பே யாரோ ஸ்டார்ட் செய்திருக்கலாம். (நம்ம சிங்கப்பூர் வெயிலில் நின்ற வண்டியும் சுடும், அதனால் காலையிலேயே போங்கள்.) ஆறிய இன்ஜினை முடுக்கும்போதுதான் கடகட சத்தமும் நீலப் புகையும் பிடிபடும்.

அப்புறம் வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு பலமாடி கார்பார்க் சரிவில் மெதுவாக ஏறுங்கள். கியர்பாக்ஸ் உதறினால் விலையே பேசாதீர்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தவரிடம் ஏர்கான் குளிர்கிறதா என்று கேளுங்கள். பலரும் மறப்பது இதைத்தான்.

தனியார் வாடகைக்கு ஓடிய வண்டியா? கிலோமீட்டர் காட்டும் மீட்டரை விட சர்வீஸ் ரசீதுகளை நம்புங்கள். சரி, சிஓஇ (வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்)? 5 ஆண்டுக்குப் புதுப்பித்ததென்றால் மறுபடி நீட்டிக்க முடியாது.