கைக்கு வரும் இலங்கைக் காசுத்தாளில் சேகரிக்கத் தக்கதைப் பிடிப்பது

தாளின் அழகைப் பார்க்காதீர்கள், இலக்கத்தைப் பாருங்கள். முன்னெழுத்துக்குப் பின்னுள்ள ஆறு இலக்கங்களில் 777777 (எல்லாம் ஒன்று), 123456 (வரிசை), 245542 (இருபுறமும் ஒன்றாக வாசிப்பது), 000019 (சிறிய இலக்கம்) போன்றவைதான் தேறும். இசட் எழுத்தில் தொடங்கினால் அது அச்சில் பழுதானதற்குப் பதிலாக வந்த மாற்றுத்தாள்; கசங்கியிருந்தாலும் பத்திரப்படுத்துங்கள்.

முக்கிய நிகழ்வுகளுக்காக வெளியிட்ட நினைவுத்தாள்களும் கலந்து வரும்: 2009, 2018 ஆயிரம் ரூபாய்த் தாள்கள், 2013 ஐந்நூறு. 1998 இன் பிளாஸ்டிக் இருநூறு கடையில் அகப்படாது, பழைய பெட்டிகளில்தான் தேடவேண்டும். திகதியையும் இரு கையொப்பங்களையும் குறித்து வைத்தால் உங்களிடம் எந்தத் திகதி, கையொப்பச் சோடி இல்லையென்று தெரியும்.

பெரும்போக அறுவடை முடிந்து கிளிநொச்சி, பரந்தன் பக்கம் நெல்லுக்காசு புழங்கும்போது தேடுங்கள். அப்போது ஆயிரமும் ஐயாயிரமும் கட்டுக்கட்டாகக் கைமாறும். புதுத்தாளுக்குப் பொங்கலுக்கு முன் வங்கியில் கேட்டுப் பார்க்கலாம். முல்லைத்தீவு மீன்சந்தைத் தாள் பெரும்பாலும் ஈரம், உப்பு. இலக்கம் அபூர்வமென்றால் மட்டும் எடுங்கள்.

கெடுவது வீட்டில்தான். கழுவினால் மொறுமொறுப்புப் போகும், அயன் பண்ணினால் மடிப்புத் தட்டையாகுமே தவிர மறையாது, செலோடேப் மஞ்சள் கறையாகும். லமினேற் பண்ணினால் கதை முடிந்தது. மலிவான மென்பிளாஸ்டிக் உறை நாட்பட ஒட்டும்; பொலியெஸ்டர் உறை வாங்குங்கள். நடுவில் மடிந்த சாதாரணத் தாளுக்கு முகப்பெறுமதிக்கு மேல் யாரும் தரமாட்டார்கள், செலவழித்துவிடுங்கள்.