நினைவாற்றலுக்கு மூலிகைச் சாரம்: தேர்ந்தெடுப்பதும் பயன்படுத்துவதும்

மறதி கூடிவருவதாகத் தோன்றியவுடன் மூலிகை மாத்திரையைத் தேடுவது இயல்பே. ஆனால் முதலில் மருத்துவரைப் பார்த்துக் காரணத்தை அறிந்துகொள்ள வேண்டும். தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு, உறக்கக் கோளாறு ஆகியவையும், சில ஒவ்வாமை மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும்கூட மறதியை உண்டாக்கும். இவற்றுள் பல, சிகிச்சையாலோ மருந்தை மாற்றுவதாலோ சரியாகக்கூடியவை. பழகிய வழியில் திசை தெரியாமல் நிற்பது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, பணக் கணக்கில் தடுமாறுவது ஆகியவை தென்பட்டால் மூலிகையைச் சோதித்துப் பார்த்துக் காலம் கடத்தக் கூடாது.

காரணம் தெளிவான பிறகும் ஒருவர் சாரம் எடுக்க விரும்பினால், ஒரு நேரத்தில் ஒன்றையே எடுக்க வேண்டும். ஐந்தாறு மூலிகைகள் கலந்த மாத்திரையில் எது பயன் தந்தது, எது வயிற்றைக் கெடுத்தது என்று கண்டறியவே முடியாது.

நினைவாற்றல் தொடர்பில் ஓரளவு நம்பத்தக்க சோதனைகள் உள்ள மூலிகை என்று நான் முதலில் சொல்வது நீர்ப்பிரமியைத்தான். இதன் முக்கியச் சேர்மங்கள் பாக்கோசைடுகள். மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் பெரும்பாலும் நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் சாரம் 12 வாரங்களுக்குக் கொடுக்கப்பட்டது. கற்றதைச் சற்று நேரம் கழித்து நினைவுகூர்வதில் சிறிய முன்னேற்றம் சில சோதனைகளில் தெரிந்தது. ஆகவே ஒரு வாரத்தில் பலன் தேடுவதில் பொருளில்லை. வயிற்றுப் பிடிப்பும் குமட்டலும் இதன் வழக்கமான தொல்லைகள் என்பதால் உணவுக்குப் பின் எடுப்பது நல்லது. நீர்ப்பிரமியும் வல்லாரையும் ஒரே பெயரில் விற்கப்படுவதுண்டு. இரண்டும் வெவ்வேறு குடும்பத்துச் செடிகள். பகோபா மொன்னியெரி என்றால் நீர்ப்பிரமி, சென்டெல்லா ஏசியாட்டிகா என்றால் வல்லாரை என்பதை நினைவில் வைத்து, பெட்டியில் உள்ள தாவரப் பெயரைப் பார்த்து வாங்க வேண்டும். வல்லாரைக்கு இந்த அளவு சான்று இல்லை. அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியுள்ளது.

கிங்கோ என்னும் மரத்தின் இலைச் சாரம் உலகெங்கும் விற்பனையாகிறது, ஆனால் அதன் புகழுக்கும் சான்றுக்கும் இடைவெளி பெரிது. அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேருக்கு நாளொன்றுக்கு இருமுறை 120 மில்லிகிராம் சாரமோ, ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத போலி மாத்திரையோ கொடுத்துப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வின் முடிவு 2008இல் வெளியானது. சாரம் மறதிநோய் வருவதைக் குறைக்கவில்லை. மறதிநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் இதை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மஞ்சளிலுள்ள குர்க்குமின் உடலில் மிகக் குறைவாகவே உட்கிரகிக்கப்படுகிறது. அதைச் சரிசெய்ய மிளகின் பைப்பரின் சேர்த்த மாத்திரைகள் வருகின்றன. உட்கிரகிப்பு உயர்ந்த அத்தகைய மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி ஏற்பட்டவர்களும் உள்ளனர். பைப்பரின் வேறு மருந்துகளின் இரத்த அளவையும் கூட்டக்கூடும்.

பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் இருக்கும் மில்லிகிராமைப் பார்த்து ஏமாற வேண்டாம். செயற்சேர்மம் எத்தனை சதவீதம் என்பதே முக்கியம்: 300 மில்லிகிராம் நீர்ப்பிரமிச் சாரத்தில் பாக்கோசைடு 50 சதவீதமானால் 150 மில்லிகிராம் கிடைக்கும், 20 சதவீதமானால் 60 மட்டுமே. ‘10:1’ என்ற குறிப்பு எவ்வளவு மூலிகை எவ்வளவாகச் சுருக்கப்பட்டது என்பதைச் சொல்லுமே தவிர, செயற்சேர்மத்தின் அளவைச் சொல்லாது. ஈயம் முதலான கன உலோகங்களுக்குத் தனி ஆய்வகம் பரிசோதித்த சான்றிதழ் உள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

இயற்கையானது என்பதால் தீங்கில்லை என்று எண்ணுவோர், மறதிநோய்க்கு மருத்துவர் எழுதித் தரும் காலன்டமின் ஸ்னோடிராப் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது என்பதை அறிந்தால் எச்சரிக்கையாவார்கள். ஹூப்பர்சின் ஏ என்னும் தாவரச் சேர்மமும் அதே வழியில், நினைவுக்குத் தேவையான மூளை வேதிப்பொருளான அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது; எனவே அதே வகை மறதிநோய் மருந்தான டோனிபெசில் எடுப்பவர் அதைச் சேர்த்து எடுத்தால் நாடித்துடிப்பு குறைதல், வாந்தி போன்ற விளைவுகள் கூடலாம். வார்ஃபரின், ஆஸ்பிரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை எடுப்போர் கிங்கோவைத் தவிர்ப்பதே நல்லது. கருவுற்றோரும் பாலூட்டுவோரும் எந்தச் சாரத்தையும் தாமாகத் தொடங்கக் கூடாது.

தொடங்கும் நாளில், அன்றாடம் தவறும் இரண்டு மூன்று செயல்களைக் குறித்து வைத்துக்கொண்டு, 12 வாரம் கழித்து அவற்றையே மீண்டும் ஒப்பிட வேண்டும். உடனிருக்கும் ஒருவரின் கருத்தையும் கேட்பது நல்லது, ஏனெனில் மாத்திரை எடுப்பவருக்கே மேம்பட்டதாகத் தோன்றிவிடும். மாற்றம் இல்லையென்றால் அளவைக் கூட்டாமல் நிறுத்திவிட வேண்டும். இடையில் கண் மஞ்சளாவது, சிறுநீர் கருமையாவது, காரணமின்றிக் கன்றிப்போவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அன்றே நிறுத்தி, மாத்திரைப் பெட்டியுடன் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தால், இரண்டு வாரத்துக்கு முன்பே சாரத்தை நிறுத்திவிட்டு, மயக்க மருந்து நிபுணரிடமும் அதைச் சொல்ல வேண்டும்.