பழைய சோறும் பியூட்டிரேட்டும்

பொன்னி அரிசியை விறைப்பாக வடித்து ஆறவிடுங்கள். ஆறும்போதுதான் மாவுச்சத்தில் கொஞ்சம் செரிக்காத வடிவத்துக்கு இறுகும். ஆறியதும் மண்சட்டியில் மூழ்கத் தண்ணீர் ஊற்றி 8 மணி நேரம் வையுங்கள், மார்கழியில் 12. தஞ்சாவூர்ச் சித்திரை வெக்கையில் நேரம் மீறினால் நூல்விடும், கொட்டிவிடுங்கள். சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளுங்கள். அதன் நாரும் பெருங்குடல் பாக்டீரியாவுக்குத் தீனி.

அந்தப் பாக்டீரியாக்கள் செரிக்காத மாவுச்சத்தையும் நாரையும் பியூட்டிரேட் என்ற சிறிய கொழுப்பு அமிலமாக்கும். நல்ல குடல்செல் அதை எரிபொருளாக எரித்துவிடும். குளுக்கோஸை நம்பும் புற்றுசெல்லில் அது உட்கருவில் தேங்கி, மரபணுக்களை அடக்கிவைக்கும் ஹிஸ்டோன் டீஅசிட்டிலேஸ் நொதியை முடக்கும். அடங்கிக்கிடந்த மரபணுக்கள் விழிக்கும், காஸ்பேஸ்-3 என்ற நொதி புற்றுசெல்லை உள்ளிருந்தே அறுக்கும். இதெல்லாம் ஆய்வகத்தட்டில் தெளிவாகப் பார்த்தது. வந்த புற்றுக்குச் சோறு மருந்தாகாது. கீமோவில் வெள்ளணு குறைந்தவர்களுக்குப் பழையது கொடுக்கவே வேண்டாம், கிருமி தொற்றும்.