ஆயில் மாற்றும்போது நைட்ரைல் கிளவுஸ் போடுங்கள்

வண்டிக்கு இன்ஜின் ஆயில் மாற்றும்போது பலரும் வெறுங்கையோடுதான் இறங்குகிறோம். புது ஆயிலை விட, ஓடிக் கறுத்துப்போன பழைய ஆயில்தான் பிரச்சினை. எரிபொருள் எரியும்போது உண்டாகும் பாலிசைக்ளிக் அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் என்ற வேதிப்பொருள்கள் அதில் சேர்ந்திருக்கும். சுண்டெலிகளின் தோலில் அதைத் திரும்பத் திரும்பத் தடவிய சோதனைகளில் தோல் புற்றுநோய் வந்திருக்கிறது. ஒருமுறை பட்டதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் வருடக்கணக்கில் படவிடுவானேன்?

லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) கிளவுஸ் வேண்டாம், எண்ணெய் பட்டால் ஊறித் தளர்ந்துவிடும். நைட்ரைல் (ஒரு செயற்கை ரப்பர்) கிளவுஸ் வாங்குங்கள். ரொம்ப மெல்லியது ஃபில்டரைக் கழற்றும்போதே கிழியும் (எனக்கு எப்போதும் கட்டைவிரலில்தான்), அதனால் கொஞ்சம் தடிமனாகவே பாருங்கள். கிழிந்ததும் மாற்றிவிடுங்கள், உள்ளே புகுந்த ஆயில் தோலோடு ஒட்டியே கிடக்கும்.

மெல்லிய நைட்ரைல் சூட்டைத் தடுக்காது. கொதிக்கக் கொதிக்க ட்ரெயின் போல்ட்டை (பழைய ஆயிலை வடிக்கும் போல்ட்) திறக்காமல், இன்ஜின் வெதுவெதுப்பாக ஆறும்வரை பொறுங்கள். அப்புறம், கையில் பட்டுவிட்டால் பெட்ரோல் ஊற்றிக் கழுவாதீர்கள். சோப்பும் தண்ணீரும் போதும். ஆயில் துடைத்த துணியைப் பேன்ட் பாக்கெட்டில் திணிக்கவும் வேண்டாம், அது அப்படியே தொடைக்கு ஊறும்.