கோல்ஃப் கிளாஷ்: புதிதாக ஆடுபவர்கள் முதலில் கற்க வேண்டியது காற்றுக் கணக்கு

பிரிட்டனைச் சேர்ந்த பிளேடெமிக் நிறுவனம் 2017இல் வெளியிட்ட மொபைல் கேம் கோல்ஃப் கிளாஷ். அடுத்த ஆண்டே பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியது; 2021இல் அந்த நிறுவனத்தையே இ.ஏ. (எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ்) என்ற பெரிய கேம் நிறுவனம் வாங்கிவிட்டது. 18 குழி ஆடி முடிக்கும் பொறுமை இதற்குத் தேவையில்லை. எதிரில் முகம் தெரியாத ஒருவர், இருவருக்கும் ஒரே குழி, குறைந்த அடியில் பந்தைப் போடுபவருக்கு வெற்றி. சமநிலையில் முடிந்தால் ஆளுக்கு ஓர் அடி, கொடிக்கு அருகில் யார் பந்து நிற்கிறதோ அவர் ஜெயித்தார்.

அடிக்கும் முறையைப் பழக ஐந்து நிமிடம் போதும். பந்து விழ வேண்டிய இடத்தில் இலக்கு வட்டத்தை வைக்க வேண்டும். பந்தை விரலால் பின்னுக்கு இழுத்து வட்டம் நிறையும் இடத்தில் நிறுத்தினால் முழு பவர். பிறகு இடமும் வலமும் ஆடும் ஊசி நடுக்கோட்டுக்கு வரும்போது விரலை எடுக்க வேண்டும். ஊசி நடுவில் நின்றால் ‘பர்ஃபெக்ட்’. தவறினால் பந்து அந்தப் பக்கமாக விலகும். வட்டத்தைத் தாண்டி இன்னும் இழுத்தால் ஓவர்பவர், பந்து கூடுதல் தூரம் போகும். ஆனால் ஊசி கைக்கு அடங்காது. பர்ஃபெக்ட் பழகும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஊசி சரளமாக ஓடாமல் விட்டுவிட்டுத் துள்ளினால் உங்கள் கையைக் குறை சொல்ல வேண்டாம். போனில் பேட்டரி சேவர் ஓடுகிறதா, பின்னால் வேறு ஆப்கள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

காற்று

பர்ஃபெக்டாக அடித்தும் பந்து பக்கவாட்டில் போய் மணலில் விழுகிறதே என்று புதியவர்கள் குழம்புவது இங்கேதான். திரையில் காற்றின் வேகம் எண்ணாகவும் திசை அம்புக்குறியாகவும் தெரியும். அம்பு காட்டும் பக்கம்தான் பந்து தள்ளப்படும். ஆகவே இலக்கை அதற்கு நேர் எதிர்ப்பக்கம் நகர்த்த வேண்டும். எவ்வளவு நகர்த்துவது என்பதற்கு இலக்கைச் சுற்றியுள்ள வளையங்களே அளவுகோல். அனுபவமுள்ளவர்கள் யாரும் கண்மதிப்பில் அடிப்பதில்லை.

கணக்கு இதுதான். கிளப்பின் (பந்தை அடிக்கும் மட்டை) அக்யூரஸி, அதாவது துல்லியத்தைக் காட்டும் எண், 100 என்றால் ஒரு வளையம் மணிக்கு 1 மைல் வேகக் காற்றுக்குச் சமம். அக்யூரஸி 50 என்றால் ஒரு வளையம் 2 மைல், 0 என்றால் 3 மைல். இடையில் ஒவ்வொரு 10 புள்ளி குறையும்போதும் 0.2 கூட்டிக்கொள்ளுங்கள். உதாரணமாக உங்கள் டிரைவரின் (நீண்ட தூரம் அடிக்கும் கிளப்) அக்யூரஸி 60 என்றால் ஒரு வளையத்துக்கு 1.8 மைல். காற்று 9 மைல் அடித்தால் 9-ஐ 1.8-ஆல் வகுத்து, ஐந்து வளையம் நகர்த்த வேண்டும்.

நகர்த்தும்போது வரிசை முக்கியம். முதலில் கிளப்பைத் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் கிளப் மாறினால் வளையத்தின் அளவும் மாறிவிடும். அடுத்து டாப்ஸ்பின் (பந்தை முன்னுக்குச் சுழற்றுவது) அல்லது பேக்ஸ்பின் (பின்னுக்குச் சுழற்றுவது) வைத்து, வழிகாட்டும் கோடு நீங்கள் விரும்பும் இடத்தில் முடிகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு மேலிருந்து பார்க்கும் கோணத்துக்குப் போய், இலக்கின் நடுப்புள்ளி தரையில் எதன் மேல் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். புல்லின் நிறம் மாறும் கோடு, மணல்குழியின் ஓரம், மரநிழல், எதுவானாலும் சரி. இப்போது அம்புக்கு எதிர்த்திசையில் இலக்கை இழுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில், நீங்கள் குறித்த இடம் ஐந்தாவது வளையத்தின் கீழ் வரும்போது நிறுத்திவிடுங்கள். காற்று சாய்வாக அடித்தால் இலக்கும் அதே சாய்வில் போக வேண்டும். நேர் பக்கவாட்டில் நகர்த்திவிட்டு, நீளத்தில் பத்தடி தவறவிடுபவர்கள்தான் அதிகம்.

இந்தக் கணக்கு கிளப்பின் முழுத் தூரத்துக்கு அடிக்கும்போது சரியாக வரும். 3 மாற்றங்களை நினைவில் வையுங்கள்:

- கிளப்பின் எல்லைக்கு நன்றாக உள்ளே, குறைந்த தூரத்துக்கு அடித்தால் காற்றின் பாதிப்பும் குறையும். வெட்ஜ், ஷார்ட் அயர்ன் போன்ற குறுகிய தூரக் கிளப்புகளில் இது நன்றாகவே தெரியும்.
- பள்ளத்தை நோக்கி அடித்தால் பந்து அதிக நேரம் காற்றில் இருக்கும், நகர்த்தலைக் கொஞ்சம் கூட்டுங்கள். மேட்டுக்கு அடித்தால் குறையுங்கள்.
- கிளப்பை அப்கிரேடு செய்ததும் அக்யூரஸி மாறியிருக்கலாம். பழைய எண்ணையே வைத்து அடித்தால் எல்லாம் ஒரே மாதிரி தவறும். காரணம் புரியாமல் பலர் ஊசியைத் திட்டுவார்கள்.

ஒரு துண்டுத்தாளில் உங்கள் 7 வகைக் கிளப்புகளின் பெயரையும் (டிரைவர், வுட், லாங் அயர்ன், ஷார்ட் அயர்ன், வெட்ஜ், ரஃப் அயர்ன், சாண்ட் வெட்ஜ்) ஒரு வளையத்துக்கு எத்தனை மைல் என்பதையும் எழுதிப் போனுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வோர் அடிக்கும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் வகுத்தல் போட முடியாது.

எங்கே விழ வைப்பது

பார் 4 குழியில் (நான்கு அடியில் முடிக்க வேண்டிய குழி) முதல் அடியை எவ்வளவு முடியுமோ அவ்வளவு தூரம் விட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். உண்மையில் முதல் அடியின் வேலை, இரண்டாவது அடிக்கு நல்ல இடம் தேடித் தருவது. ஃபேர்வேயில் (ஒட்ட வெட்டிய புல் பாதை) 20 யார்டு குறைவாக நின்ற பந்து, உயரப் புல்லில் 20 யார்டு கூடுதலாகப் போன பந்தைவிட எவ்வளவோ மேல். புல்லில் மாட்டினால் ரஃப் அயர்ன்தான் எடுக்க வேண்டும். பெரும்பாலான புதியவர்களிடம் பலவீனமான கிளப்பே அதுதான்.

பந்து முதலில் விழும் இடத்தோடு நிற்பதில்லை, குதித்து உருளும். டாப்ஸ்பின் உருளலைக் கூட்டும், பேக்ஸ்பின் பிரேக் போடும். கிரீனுக்கு (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரை) போகும் அடியில் கொடிக்குப் பின்னால் தண்ணீர் இருந்தால் பேக்ஸ்பின், முன்னால் நீண்ட திறந்த புல் இருந்தால் டாப்ஸ்பின். கர்ல் என்பது பந்தை வானத்திலேயே வளைக்கும் வித்தை. நடுவில் மரமோ பாறையோ இல்லாதவரை அதைத் தொடத் தேவையில்லை.

எதிராளி முதலில் அடித்தால் கண்ணை எடுக்காமல் பாருங்கள். அவர் பந்து எங்கே விழுந்தது, எந்தப் பக்கம் குதித்தது என்பது உங்களுக்கு இலவசப் பாடம்.

காயின், செஸ்ட், பந்து

ஆட்டங்கள் டூர் என்ற படிநிலைகளாகப் பிரிந்திருக்கின்றன; ஒவ்வொரு டூருக்கும் காயினில் (கேமுக்குள் புழங்கும் நாணயம்) நுழைவுக் கட்டணம் உண்டு. இருவரும் கட்டும் காயின் முழுவதும் ஜெயித்தவருக்கே. கோப்பைகள் சேரச் சேர அடுத்த டூர் திறக்கும். திறந்துவிட்டதே என்று உடனே ஏறுவதுதான் கையிருப்பைக் காலி செய்யும் வழி. ஒரு ஆட்டத்துக்கான கட்டணம் கையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து மூன்று தோற்றால் கீழ் டூருக்கு இறங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை. காற்றுக் கணக்கைப் பழகவும் கட்டணம் குறைந்த முதல் டூர்தான் ஏற்ற இடம்.

ஜெயித்தால் செஸ்ட் (பரிசுப் பெட்டி) கிடைக்கும். 4 இடங்கள்தான் உண்டு, ஒரு நேரத்தில் ஒன்றுதான் திறக்கத் தொடங்கும். நீண்ட நேரம் எடுப்பதைத் தூங்கப் போகும்முன் போடுங்கள், சீக்கிரம் திறப்பவற்றைப் பகலில் வையுங்கள். செஸ்டைச் சீக்கிரம் திறக்க ஜெம் (கேமில் காயினைத் தவிர இருக்கும் இன்னொரு நாணயம்) செலவழிப்பது வீண்.

செஸ்டில் வரும் கார்டுகளால் கிளப்பை அப்கிரேடு செய்யலாம், அதற்கும் காயின் வேண்டும். வருவதையெல்லாம் ஏற்றிக்கொண்டே போனால் டூருக்குக் கட்ட ஒன்றும் மிஞ்சாது. ஒவ்வொரு வகையிலும் ஒரே ஒரு கிளப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிரைவரில் எக்ஸ்ட்ரா மைல், லாங் அயர்னில் பேக்போன் ஆகிய இரண்டும் நீண்ட நாள் கைகொடுக்கும். பவர் எண்ணை மட்டும் பார்த்து மயங்காமல் அக்யூரஸியையும் பாருங்கள்.

சாதாரணப் பந்து எப்போதும் தீராது. சிறப்புப் பந்துகளை ஆட ஆட இருப்பு குறையும், தோற்றாலும் திரும்பி வராது. காற்றைத் தாங்கும் பந்துகளைச் சேமித்து, காற்று பலமாக அடிக்கும் பெரிய டூர்களில் இறக்குங்கள். ஒன்று கவனம்: அந்தப் பந்து காற்றின் பாதிப்பைக் குறைப்பதால் துண்டுத்தாளில் எழுதிய வளையக் கணக்கையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். குறைக்காமல் அடித்தால் இப்போது பந்து மறுபக்கம் விலகி விழும்.