ட்ரவலிங்கா, பவுலா: நெருக்கமான முடிவுகளில் நடுவர் சறுக்கும் இடங்கள்

காலையில் வலைப்பந்தாட்டத்துக்கு ஊதிய ஆசிரியரே பின்னேரம் கூடைப்பந்தாட்டத்துக்கும் ஊதுவது யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் புதினமில்லை. விசில் ஒன்றுதான், ஆனால் கண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும். இங்கு காணும் பிழையான ட்ரவலிங் (பந்தைக் கையில் வைத்தபடி விதிக்கு மாறாகக் கால் நகர்த்துவது) முடிவுகளில் நல்ல பங்கு இந்தக் கண் மாறாததால் வருகிறது என்பது என் எண்ணம்.

வலைப்பந்தாட்டத்தில் பந்தைப் பிடித்ததும் முதலில் ஊன்றிய காலிலேயே கணக்குத் தொடங்கிவிடும். கூடைப்பந்தாட்டத்தில் அப்படி இல்லை. சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனமான ஃபிபா 2017 அக்டோபர் முதல் நடைமுறைப்படுத்திய விதிப்படி, ஓடிக்கொண்டே பந்தைப் பிடிக்கும் வீரரின் கால் அந்தக் கணத்தில் தரையில் இருந்தால் அது கணக்கில் சேராது. அதற்குப் பிறகு வைப்பதுதான் முதலாவது அடி, அடுத்தது இரண்டாவது. லே-அப், அதாவது கூடைக்குக் கிட்ட ஓடிவந்து எழும்பிப் பந்து போடப் போகும் பிள்ளை மூன்று முறை கால் வைத்ததுபோல் தெரிவது இதனால்தான். உடனே வேலிப்பக்கத்திலிருந்து “சேர், ட்ரவலிங்!” என்று சத்தம் வரும். கைகளைப் பார்க்காமல் கால்களை மட்டும் எண்ணுகிற நடுவரும் அந்தச் சத்தத்தோடு சேர்ந்து ஊதிவிடுவார். முதலில் பார்க்க வேண்டியது பந்து எப்போது கைக்குள் அடங்கியது என்பதை. கண் காலுக்குப் போவது அதன் பிறகுதான். பந்து அடங்காமல் கையில் தடுமாறிக்கொண்டிருக்கும்வரை எத்தனை அடி வைத்தாலும் ட்ரவலிங் இல்லை.

மறுபக்கம், உண்மையான ட்ரவலிங் பல ஊதப்படாமலே போகிறது. நின்ற நிலையில் பந்து வாங்கியவர் தட்டத் தொடங்கும்போது, பிவட் கால் (ஊன்றிய இடத்திலேயே வைத்திருக்க வேண்டிய கால்) எழும்புவதற்கு முன் பந்து கையைவிட்டுப் போயிருக்க வேண்டும். இதில்தான் அதிகம் தப்பவிடுகிறோம், ஏனென்றால் அந்த நேரம் எல்லோருடைய பார்வையும் வீரரின் தோளிலும் வேகத்திலும் இருக்கும். பந்தோடு விழுந்து வழுக்கிப் போவது பிழையில்லை. பந்தைப் பிடித்தபடி உருண்டாலோ எழும்ப முயன்றாலோ பிழை. பிவட் கால் எது என்று காணாவிட்டால் ஊதவே வேண்டாம். ஊகத்தில் ஊதிய ட்ரவலிங்கைவிடத் தப்பிய ட்ரவலிங் பரவாயில்லை.

இனி பவுலுக்கு, அதாவது எதிராளிமேல் விதிமீறி முட்டுவதற்கு, வருவோம். இங்கேயும் வலைப்பந்தாட்டக் கண் குறுக்கே வரும். அந்த ஆட்டத்தில் பந்து வைத்திருப்பவரிடமிருந்து 0.9 மீற்றர் தள்ளி நின்றுதான் தடுக்க வேண்டும். கூடைப்பந்தாட்டத்தில் முகத்துக்கு நேரே வந்து நிற்கலாம், பக்கத்தில் நிற்பது மட்டும் குற்றமாகாது. முட்டினால் “நின்றுகொண்டிருந்தாரா, அசைந்தாரா?” என்று பலர் கேட்கிறார்கள். கேள்வியே பிழை. தடுப்பவர் எதிராளியைப் பார்த்தபடி இரண்டு காலையும் தரையில் ஊன்றி இடம் பிடித்துவிட்டால், பிறகு பக்கவாட்டிலோ பின்னோக்கியோ நகரலாம். பந்து வைத்திருப்பவருக்கு நேரமோ தூரமோ விட்டுக்கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. முட்டு தடுப்பவரின் நெஞ்சில் விழுந்ததா, அல்லது அவர் தோளால் மறித்தாரா, இடுப்பை நீட்டினாரா என்பதுதான் விசயம். ஆனால் எதிராளி தரையைவிட்டு எழும்பிய பிறகு அவர் இறங்கும் இடத்துக்குள் புகுந்தால் தடுப்பவர்மேல்தான் பவுல். சீமெந்துத் தரையில் கணுக்கால் போவது இப்படித்தான், அதனால் இதை இரக்கமில்லாமல் ஊதுங்கள். கூடைக்குக் கீழுள்ள, மோதியவர்மேல் பவுல் ஊதாத 1.25 மீற்றர் அரைவட்டம் அழிந்துபோயிருந்தால் ஆட்டத்துக்கு முன்பே கீறச் சொல்லுங்கள்.

நேர் மேலே கையை உயர்த்திக் குதித்த தடுப்பாளர்மேல் பந்து போடுபவர் வந்து மோதினால் தடுப்பாளருக்கு பவுல் இல்லை. சத்தம் பெரிதாகக் கேட்டது, பையன் விழுந்துவிட்டான் என்பதெல்லாம் காரணமாகாது. இதற்கு ஒரே மருந்து, பந்தைத் துரத்தாமல் தடுப்பவரைப் பார்த்துக்கொண்டிருப்பது. அப்புறம் நிற்கும் இடம். இருவருக்கும் நேர் பின்னால் நின்றால் முதுகு மட்டும்தான் தெரியும், இடைவெளி தெரியாது. ஒரு எட்டுப் பக்கவாட்டில் நகர்ந்தாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

இனி வேலிப்பக்கம். வடக்கின் பெரும்போர் என்ற பாடசாலைக் கிரிக்கெட் போட்டியைப் பார்த்து வளர்ந்த கூட்டம் இது. கிரிக்கெட்டில் கேட்டால்தான் நடுவர் அவுட் கொடுப்பார், அதனால் கேட்டுப் பழகிவிட்டார்கள். கூடைப்பந்தாட்டத்தில் அப்பீல் என்று ஒன்று இல்லை. “அடிச்சது தெரியேல்லையோ?” என்ற சத்தத்துக்குப் பிறகு வருகிற விசில் யாருடைய விசில் என்று இரண்டு அணிக்கும் விளங்கும்.

முந்திய பிழையைச் சரிக்கட்ட மறுபக்கம் ஒன்று ஊதுவது இன்னும் மோசம். ஒரு பிழை இரண்டாகும், இரண்டு பயிற்றுநரும் கோபிப்பார்கள். கடைசி நிமிடத்தில் விசிலை விழுங்குவதும் அதே குடும்பம்தான்.

கப்டன் மரியாதையாக வந்து கேட்டால் கண்டதை ஒரு வரியில் சொல்லுங்கள்: “தட்ட முதல் இடது கால் எழும்பிட்டுது.” அப்படி ஒரு வரி வாயில் வராவிட்டால், அந்த விசிலை ஏன் ஊதினோம் என்று இடைவேளையில் சக நடுவரிடம் கேட்டுப் பாருங்கள்.